முடி கடைசியில்தான்

ஜனவரியிலிருந்து மாதத்துக்கு ஒரு விலங்கு என்று வைத்துக்கொண்டு வரைந்து வருகிறேன். மாதம் முழுக்க நோட்டில் ஸ்கெட்ச், கடைசி வாரத்தில் கணினியில் ஒரு டிஜிட்டல் ஓவியம், அவ்வளவுதான் திட்டம். மாதக் கடைசியில் அந்த ஓவியத்தை மட்டும் எடுத்துக் காட்டினால் "செம" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்னேற்றம் என்று ஏதாவது இருந்தால் அது அந்த முடித்த படத்தில் இல்லை, யாரும் பார்க்காத நோட்டில் இருக்கிறது. முடித்த படத்தைப் பளபளப்பாக்க ஆயிரம் பிரஷ் இருக்கிறது. ஐந்து கோட்டில் ஒரு நாய் நிற்கிறதா, விழப்போகிறதா என்பதை எந்தப் பிரஷ்ஷாலும் மறைக்க முடியாது.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுவது என் பிழைப்பு. நெஞ்சில் பெரிதாகச் சிங்க முகம், புலி முகம், ஓநாய் முகம், குழந்தைகள் சைஸ் என்றால் கரடிக்குட்டி, டைனோசர். எங்கள் வேலையில் விலங்கு என்றால் முகம்தான், அதுவும் நேர் முகம். பிடரி மயிர் ஒவ்வொன்றாகத் தெரிய வேண்டும், கண் மின்ன வேண்டும், கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆர்டர் கொடுக்கிற ஒரு பையரும் இதுவரை கேட்டதில்லை. அந்தச் சிங்கங்களை நானும் நிறையப் போட்டிருக்கிறேன், விற்கவும் விற்கின்றன. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், மயிர் மயிராக இழைத்த அந்த முகங்களில் பாதி முகமூடிகள்தான். பின்னால் மண்டையோடு இருப்பதாகவே தெரியாது.

அதனால் முகம் வேண்டாம், முழு உடம்பு, அதுவும் கண்ணெதிரே இருப்பது என்று முடிவு செய்து தெரு நாயில் ஆரம்பித்தேன். ஜனவரியில் காலை வெயிலுக்கு டீக்கடை ஓரம் படுத்திருக்கும் நாயைவிட நல்ல மாடல் கிடையாது. தூங்குகிற நாயிடம் விலா எலும்பு எங்கே முடிகிறது, இடுப்பெலும்பு எங்கே முட்டிக்கொண்டு தெரிகிறது, வயிறு எப்படித் தரையோடு பரவுகிறது என்றெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். எழுந்து நின்றதும்தான் சிக்கல் ஆரம்பம். நிற்கிற நாய் நிற்காது, காதைச் சொறியும், உடம்பை உதறும், வண்டி வந்தால் நகரும். முப்பது விநாடிக்குள் எது முக்கியம் என்று கை தேர்ந்தெடுத்தாக வேண்டும். முதுகுத்தண்டின் வளைவு ஒரு கோடு, தோள், இடுப்பு இரண்டு உருண்டை, நான்கு பாதம் எங்கெங்கே தரையைத் தொடுகின்றன என்று நான்கு புள்ளி. அதற்குமேல் நாய் அனுமதித்தால் காது, வால்.

இந்த இடத்தில் கால் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் விலங்கு வரைகிற எல்லோரும் முட்டிக்கொள்வது இங்கேதான். நாயின் பின்காலில் பின்பக்கமாக மடங்கியிருப்பது போல ஓர் இடம் தெரியுமே, அது முழங்கால் இல்லை. குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரம் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது, அது நம் முழங்காலைப் போலவே முன்பக்கம்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் கையை வைத்தே இதைப் பார்க்கலாம். உள்ளங்கையை முழுதாக மேசையில் பதியுங்கள், அது கரடி, நாமும் கரடியும் பாதம் பதித்து நடக்கிற கூட்டம். இப்போது உள்ளங்கையைத் தூக்கி விரல்களை மட்டும் ஊன்றுங்கள், அது நாய், பூனை. இன்னும் தூக்கி நடுவிரலும் மோதிரவிரலும் மட்டும் நுனியில் நிற்கட்டும், அது மாடு, ஆடு, மான். நடுவிரல் நகம் ஒன்று மட்டும் என்றால் குதிரை. இதைப் புரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு விலங்கின் காலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒரே காலைத்தான் வேறு வேறு உயரத்தில் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் நடை. நான்கு கால் பிராணி நிதானமாக நடக்கும்போது இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்ற வரிசையில் எடுத்து வைக்கிறது. கேட்க எளிது, வரைந்து பார்த்தால் தெரியும். ஹங்கேரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வந்த அவர்களின் ஆய்வில், நடக்கிற விலங்குகளைக் காட்டும் குகை ஓவியங்களில் கால் வரிசை தவறியவை 46.2 சதவீதம். அதற்குப் பிறகு வந்த ஓவியர்கள், சிற்பிகள் செய்தவற்றில், புகைப்படம் வந்து உண்மையைக் காட்டும்வரை, 83.5 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு கால்களை இஷ்டத்துக்கு வைத்தால்கூட 73 சதவீதம்தான் தவறுமாம்! 1878-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் பந்தயக் குதிரை ஓடும் பாதையோரம் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி ஒவ்வொரு அசைவாகப் பிடித்தார். அதற்குப் பிறகும் 57.9 சதவீதம் தவறு. கேமரா வந்த பின்பு வந்தவர்களைவிடக் குகைக்காரர்கள் தேவலை. காரணம் பெரிய மர்மம் எதுவும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கு அந்த விலங்கு சாப்பாடு, எமனும்கூட. எந்தக் கால் அடுத்து எழும்பும் என்று தெரிந்து வைத்திருப்பது அவர்கள் பிழைப்பு.

பிப்ரவரி ஆடு. அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், ஆடு வரைய எளிது, எங்கள் தெருவிலேயே கட்டியிருந்தது, முன்னங்காலைச் சுவரில் ஊன்றி வேப்பிலையை எட்டும் போஸ் ஒன்று மட்டும் பல பக்கம் வந்துவிட்டது. கண் மட்டும் தனிக் கதை. ஆட்டின் கண்மணி படுக்கைக் கோடு, உண்டியல் வாய் போல. தலையைத் தூக்கினாலும் சரி, மேய்வதற்குக் குனிந்தாலும் சரி, அந்தக் கோடு தரைக்கு இணையாகவே இருக்கும், குனியக் குனியக் கண்விழி குழிக்குள் சுழன்று கொடுக்கிறது. 2015-ல் இதை அளந்து எழுதியிருக்கிறார்கள், ஐம்பது பாகைக்கு மேலும் சுழலுமாம். மேய்கிற ஆட்டை வரையும்போது முகம் சாய்ந்திருக்கிறதே என்று கண்மணியையும் சேர்த்துச் சாய்த்தால் ஏதோ பொம்மை ஆடாகிவிடும். கோட்டைத் தரைக்கு இணையாக வைத்த உடனே அது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே தின்கிற ஆடு.

மார்ச்சில் காக்கை. கறுப்பு வரைவதற்காகவே காக்கையை எடுத்தேன். நம் வீட்டுக் காக்கைக்குக் கழுத்தும் பிடரியும் சாம்பல், மற்றதுதான் கறுப்பு. அண்டங்காக்கைதான் முழுக் கறுப்பு. டிஜிட்டலில் கறுப்பு எடுத்துப் பூசினால் அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது போல இருக்கிறது. வெயிலில் நிற்கிற காக்கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் இறக்கையில் நீலமும் ஊதாவும், வானத்தைப் பார்க்கிற முதுகில் கிட்டத்தட்ட வெள்ளையாகவே ஒரு பளபளப்பும் இருப்பது தெரியும். நான் ஒரு கருநீலத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டேன், சுத்தக் கறுப்பைக் கண்மணிக்கும் மூக்குத் துளைக்கும் அலகு சேரும் கோட்டுக்கும் மட்டும் விட்டுவைத்தேன். மூன்றே இடத்தில் கறுப்பு இருந்தால் போதும், மொத்தப் பறவையும் கறுப்பாகத் தெரியும்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் காளை. ஒரு மாதத்தில் முடியவில்லை, முடிக்க மனசும் இல்லை. திருப்பூரிலிருந்து காங்கேயம் கூப்பிடு தூரம், ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டையில் மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை கூடும், அப்பாவை அழைத்துக்கொண்டு போய்விடுவேன். வருவதெல்லாம் காங்கேயம் மாடு. மயிலை (சாம்பல் வெள்ளை), செவலை (சிவப்பு), காரி (கறுப்பு) என்று நிறத்தைச் சொல்லித்தான் பேச்சே தொடங்கும். வாங்குகிறவர்கள் மாட்டைச் சுற்றி வருவதைப் பார்த்தாலே பாடம். முதலில் தூரத்தில் நின்று மொத்தமாக ஒரு பார்வை, பிறகு நடத்திப் பார்ப்பது, பிறகு சுழி. நெற்றியில், முதுகில், திமிலுக்குப் பக்கத்தில் முடி எங்கெங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து நல்ல சுழி, கெட்ட சுழி என்பார்கள். சுழியில் ராசி இருக்கிறதோ இல்லையோ, முடி எந்தத் திசையில் படிந்திருக்கிறது, எங்கே திசை மாறுகிறது என்பதை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர்களை நான் ஓவியர்களிலும் கண்டதில்லை. விலை பேசும்போது துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துக்கொள்கிறார்கள், முகத்தில் ஒன்றும் தெரியாது, அதையும் ஒரு பக்கம் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஒருநாள் நான் வரைவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ஏன் அம்மிணி, இது எத்தன பல்லு?"

"வாய் மூடியிருக்குதுங்களே, பல்லு எங்கீங்க தெரியும்?" என்றேன்.

"வாயத் தொறந்து பாக்கறதெல்லாம் வெல பேசறப்ப. மாட்டப் பாத்ததும் வயசு தெரியோணுமல்ல?" என்று சொல்லிவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டார். விரலால் தொடாமல், கட்டை விரல் நகத்தால் காற்றில் காட்டிக் காட்டிச் சொன்னார். ரெண்டு பல்லுக் காளை என்றால் திமில் இன்னும் கட்டியிருக்காது, கழுத்து மெலிசு, கால் உடம்புக்கு நீளமாகத் தெரியும். வயசு ஏற ஏறக் கழுத்து தடிக்கும், கழுத்துக்கடியில் தொங்குகிற அலைதாடி இறங்கும், திமில் நிறையும், முன்பக்கம் முகம் தோள் எல்லாம் கறுக்கும். "நீ காட்டிருக்கற கழுத்துக்கு இது கடை சேந்த காளை. அப்ப திமில் இப்பிடி ஒட்டி நிக்காது. நடக்கறப்பப் பாரு, ஆடும்."

பல் கணக்கு தெரியாதவர்களுக்கு: மாட்டுக்கு மேல்தாடையின் முன்பக்கம் பல் கிடையாது. கீழே எட்டு. பால்பல் விழுந்து நிலைப்பல் இரண்டிரண்டாக முளைக்கும், அதனால் ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் முளைத்தால் கடை சேர்ந்தது. திமிலுக்குள் எலும்பு இல்லை, தோளுக்கு மேலே சதையும் கொழுப்பும்தான், அதனால்தான் அவர் சொன்னபடி நடக்கும்போது ஒரு பக்கம் சரிந்து மறு பக்கம் வருகிறது. எலும்புக்கூடு படத்தைப் பார்த்துப் படித்தால் திமில் இருப்பதே தெரியாது. எலும்பைத் தெரிந்துகொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் எலும்பு இல்லாத இடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குச் சந்தைக்குத்தான் போகவேண்டும்.

இன்னொன்றும் தாவணியில் பார்த்ததுதான். மாடு படுத்து எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்குகிறது, முன்னங்காலில் மண்டியிட்டபடி ஒரு கணம் நிற்கிறது, அப்புறம்தான் முன்பக்கம். குதிரை நேர் எதிர், முன்கால்களை நீட்டி ஊன்றி முன்பக்கம் எழும், பின்பக்கம் பின்னால் வரும். அந்த மண்டியிட்ட கணம் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அவ்வளவு பெரிய உடம்பின் மொத்தப் பாரமும் இரண்டு முன்முழங்காலில் வந்து உட்கார்கிறது, கழுத்து முன்னால் நீள்கிறது, திமில் முன்பக்கம் சாய்கிறது. மே மாத ஓவியத்துக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

வேலை நடந்த விதத்தைச் சொல்கிறேன், கேட்டவர்களுக்காக. மென்பொருள் கிரிட்டா, இலவசம். ஏ4 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 2480க்கு 3508 பிக்சல். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித்தாள் மாதிரி. முதல் லேயரில் நோட்டு ஸ்கெட்சை போனில் படம் எடுத்துப் போட்டு அதன் மேல் கோடு. அடுத்த லேயரில் காளையின் மொத்த உருவத்தையும் ஒரே நிறத்தில் நிரப்பிவிடுவேன், வெறும் நிழலுரு. இந்தக் கட்டத்தில் எம் விசையை அழுத்தினால் படம் இடவலமாகத் திரும்பும், கண்ணுக்குப் பழகிப்போன கோணல் எல்லாம் அப்போதுதான் பல்லிளிக்கும். நிழலுருவைப் பார்த்தாலே எழுந்திருக்கிற மாடு என்று தெரியவேண்டும். தெரியாவிட்டால் மேலே போவதில் அர்த்தமே இல்லை, உள்ளே எவ்வளவு இழைத்தாலும் தேறாது. பிறகு வெளிச்சம், இருட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு லேயரைப் போட்டு அதன் பிளெண்டிங் மோடை, அதாவது அடியில் இருக்கும் படத்தோடு கலக்கும் விதத்தைக் கலர் என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன், அந்த லேயரின் கண் அடையாளத்தை அழுத்தினால் படம் சாம்பல் நிறமாகும், மறுபடி அழுத்தினால் கலர். கலரில் அழகாக இருந்து சாம்பலில் சப்பென்று இருந்தால் வெளிச்சம் சரியில்லை என்று அர்த்தம்.

நிறத்துக்கு வந்தால், மயிலை என்பது வெறும் சாம்பல் அல்ல. நடு வெயிலில் மயிலைக் காளையின் முதுகு வானத்தைப் பார்க்கிறது, அதில் நீலம் இருக்கும். வயிறு தரையைப் பார்க்கிறது, காங்கேயம் பக்கம் தரை செம்மண், அதனால் வயிற்றுக்கும் தொடையின் உட்புறத்துக்கும் செம்மண் வெளிச்சம் திரும்பி அடித்து லேசாகச் சிவக்கும். ஒரே காளை, மேலே குளிர்ந்த நிறம், கீழே சூடான நிறம், நடுவே உடம்பு தானாக உருண்டுகொள்கிறது. இங்கேதான் பனியன் பழக்கம் கைகொடுத்தது. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், கலர் கூடினால் செலவு கூடும், ஆறு கலருக்குள் புலியை அடக்கு என்பார்கள். டிஜிட்டலில் லட்சக்கணக்கான நிறம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தொட்டால் படம் சேறாகிவிடும். ஆறு நிறம் எடுத்து ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டேன், அவற்றைக் கலந்து வருவது மட்டும்தான் காளையில் இருக்கிறது. பின்னணியில் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், காய்ந்த கொழுக்கட்டைப் புல், முள்கிளுவை வேலி, தூரத்தில் ஒரு வெள்வேல மரம், எல்லாம் அதே ஆறிலிருந்துதான். கூடவே ஒரு கன்று. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதவாக்கில்தான் சாம்பலுக்கு மாறும், அதனால் அந்தச் சிவப்புக்கு நான் காரணம் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

முடி? கடைசி நாளில், அதுவும் மூன்று இடத்தில். வெளிச்சம் இருட்டாகத் திரும்பும் தோளோரம், நெற்றிச் சுழி, வால் நுனி. மற்ற இடத்தில் தட்டையான பிரஷ் தடம்தான் இருக்கிறது, பார்க்கிறவர்கள் உடம்பு முழுக்க முடி இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜூனில் முதலை. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணையோரம் முதலைப் பண்ணை இருக்கிறது, 1976-ல் தொடங்கியது. முதலை மாதிரி ஒத்துழைக்கிற மாடல் உலகத்தில் இல்லை, வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும். கோபத்தில் அல்ல, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள. கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல்பரப்பில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கின்றன, உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது இவை மட்டும் வெளியே இருக்க. இந்த மட்டம் பிடிபட்டால் முதலைத் தலை வந்துவிடும். செதில் விஷயம் முடி விஷயமேதான். முதுகுச் செதில் வரிசை வரிசையாக ஓடுகிறது, வரிசைகள் உடம்பின் வளைவோடு வளைகின்றன. வரிசையின் வளைவைப் போட்டுவிட்டு வெளிச்சம் படும் ஓரத்தில் மட்டும் ஒவ்வொரு செதிலாகக் காட்டினால் போதும். எல்லாச் செதிலையும் ஒரே கூர்மையில் வரைந்தால் டைல்ஸ் ஒட்டிய மாதிரி ஆகிவிடும், பொழுதும் போய்விடும்.

இடையில் புகைப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா விலங்கையும் நேரில் பார்க்க முடியாது, நானும் படங்கள் எடுத்து வைத்துத்தான் வரைகிறேன். ஆனால் போனைக் கிட்டே கொண்டுபோய் எடுத்த படத்தில் நாயின் மூக்கு ஊதிக் காது சுருங்கியிருக்கும், கிட்டே போனதால் வருகிற கோளாறு. தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது. அடுத்தவர் எடுத்த படம் என்றால் அவர் கண்ணால் பார்த்ததைத்தான் நாம் வரைகிறோம். ஜெர்மனியில் டியூரர் 1515-ல் வரைந்த காண்டாமிருகம் இதற்கு நல்ல உதாரணம். குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியர்களுக்குப் போய் லிஸ்பனில் இறங்கிய நம்மூர் மிருகம் அது, டியூரர் அதைப் பார்த்ததே இல்லை, யாரோ அனுப்பிய ஸ்கெட்சையும் வர்ணனையையும் வைத்து மரக்கட்டையில் வெட்ட வரைந்து கொடுத்தார். தோல் மடிப்புகள் போர்வீரனின் இரும்புக் கவசமாகிவிட்டன, தோள் மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு வேறு முளைத்துவிட்டது. அப்படியும் ஐரோப்பா இருநூறு வருஷத்துக்கு மேல் காண்டாமிருகம் என்றால் அதுதான் என்று நம்பியது, அவ்வளவு அருமையாக வரைந்திருக்கிறார்! திறமை அதிகமாக இருந்தால் பொய்யும் நன்றாக நிற்கும்.

ஜூலையில் யானை. டாப்ஸ்லிப் பக்கம் கோழிகமுத்தி முகாமில் வளர்ப்பு யானைகளைப் பார்த்தேன். மற்ற விலங்குகளில் தோலுக்குள் மறைந்திருக்கும் பின்முழங்கால் யானையில் வெளியே, கீழே, நன்றாகத் தெரிகிற இடத்தில் இருக்கிறது, அதனால்தான் யானை மண்டியிட்டால் மனிதர் மண்டியிடுவது போலவே இருக்கிறது. பனியன் வேலையில் வெளிநாட்டு ஆர்டருக்கு யானை கேட்பார்கள், இணையத்தில் கிடைக்கும் யானைப் படங்களில் பாதி ஆப்பிரிக்க உடம்பில் நம்மூர்க் காதை ஒட்ட வைத்தவை. நம் யானைக்கு முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், நெற்றியில் இரண்டு மேடு, தலைதான் உடம்பிலேயே உயரமான இடம், தும்பிக்கை நுனியில் விரல் மாதிரி ஒரு முனை. ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் பள்ளம், தும்பிக்கையில் அப்படி இரண்டு விரல். வேகமாகப் போகும்போதுகூட யானை நான்கு காலையும் ஒருசேரத் தரையைவிட்டு எடுப்பதில்லை, அதனால் பாய்ந்து வருகிற யானையை நாய் ஓடுவது போல வரைந்தால் எவ்வளவு தத்ரூபமாகச் சுருக்கம் போட்டாலும் கார்ட்டூன்தான்.

யானைக்காகத்தான் மாமல்லபுரத்துக்கும் போனேன். அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற அந்தப் பாறை முன்னால் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்த வருஷம் நான் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததெல்லாம் அங்கே சும்மா நின்றுகொண்டிருக்கிறது. கருங்கல்லில் முடி வராது. சிற்பிக்கு அந்த வழியே அடைபட்டுப் போனதால் பாரத்தை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய ஆண் யானையின் கால் தரையில் அழுந்துகிற விதம், அடிவயிற்றின் கோடு, கால்களுக்கு நடுவே குட்டிகள். கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது, அந்தக் கழுத்து திரும்பியிருக்கிற திரும்பலை நேரில் பார்க்காமல் யாரும் செதுக்கியிருக்க முடியாது. பக்கத்தில் தனிக் கல்லில் குரங்குக் குடும்பம், ஒன்று இன்னொன்றுக்குப் பேன் பார்க்கிறது, குட்டி பால் குடிக்கிறது. பேன் பார்க்கிற குரங்கின் முதுகு வளைவை வரைந்து பாருங்கள், ஒரே கோடுதான், அந்தக் கோடு கொஞ்சம் நிமிர்ந்தாலும் குரங்கின் கவனம் கலைந்துவிடும். ஏழாம் நூற்றாண்டில் டீக்கடை ஓரம் நாயை உட்கார்ந்து பார்த்த யாரோ ஒருவர் அங்கே வேலை செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி நோட்டையும் ஜூலை நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜூலையில் கோடு குறைவு. ஜனவரி நாயில் காதும் மூக்கும் கண்ணும் நகமும் இருக்கின்றன, ஜூலை யானையில் பாதிப் பக்கத்துக்குக் கண்ணே இல்லை. முதலில் கண் எங்கே போகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. முன்பு முகம், இப்போது பாதம். கையின் வேகமெல்லாம் அப்படியேதான் இருக்கிறது, சொல்லப்போனால் நிதானமாகியிருக்கிறது.

அடுத்த மாதத்திலிருந்து பறவைக் கால்கள். குளிர்காலத்தில் திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வரும், அதற்குள் வாத்துகள் தண்ணீரில் உட்காரும் மட்டமும் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கின் பாரமும் கைக்குப் பிடிபட்டுவிட்டால் நல்லது. வீட்டுக்குப் பக்கத்தில் கோழி இருக்கிறது, அதில் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

கணினியோடு இணைத்து வரைய எந்த டிராயிங் டேப்லெட் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: திரை இல்லாத சாதாரண டேப்லெட் போதும், பேனா அழுத்தம் உணர்ந்தால் சரி. கையைக் கீழே அசைத்துக் கண்ணை மேலே வைக்கப் பழகக் கொஞ்ச நாள் எரிச்சலாக இருக்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல 2பி பென்சிலும் கோடு போடாத நோட்டும் வாங்கி வாரத்துக்கு ஒருமுறை மாடோ நாயோ இருக்கும் இடத்துக்குப் பஸ் ஏறுங்கள்.